பழைய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு லினக்ஸில் எந்த டிரைவர், எவ்வளவு வாட்?

பாண்டிருப்பான் | மே 4, இரவு 9.12

எங்கட ஸ்டூடியோவிலயும் பக்கத்து டியூஷன் வகுப்பிலயுமா விண்டோஸ் 10 கொம்பியூட்டர் ஆறு கிடக்கு. எல்லாம் நாலாம் தலைமுறை ஐ5. 2025 ஒக்டோபரோட 10க்கு ஆதரவு முடிஞ்சு, 11க்கு ஒண்டும் தகுதி இல்ல. லினக்ஸ் மின்ட் 22 போடுறம். கார்ட் எல்லாம் கலவை: ஜிடி 710 ரெண்டு, ஜிடி 730 ஒண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒண்டு, ஆர்7 240 ஒண்டு, கிரிப்டோ மைனிங்கில ஓடின ஆர்எக்ஸ் 580 ஒண்டு. என்விடியா தளத்தில இருக்கிற ஆகப் புது டிரைவரை இறக்கி எல்லாத்துக்கும் போட்டாச் சரிதானே? லினக்ஸில என்விடியா சரிவராது, ஏஎம்டிதான் எண்டும் ஒராள் சொன்னார். வாவிக்கரை அண்ணன் இருந்தாச் சொல்லுங்க.

வாவிக்கரை | மே 4, இரவு 10.38

தம்பி, இரண்டும் சரியில்லை. என்விடியா தளத்தில் இருக்கும் ஆகப் புதிய டிரைவர் உங்கள் நான்கு என்விடியா கார்டில் ஒன்றுக்குமே ஓடாது. எந்தக் கிளை (பதிப்பு வரிசை) டிரைவர் என்பதை கார்டில் இருக்கும் சிப்பின் தலைமுறைதான் தீர்மானிக்கும்.

ஃபெர்மி (ஜிடிஎக்ஸ் 400, 500 வரிசை): கடைசிக் கிளை 390. 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள்.
கெப்ளர் (600 வரிசை, 700 வரிசையில் பெரும்பாலானவை, ஜிடி 710): 470. 2024இல் அதற்கும் முற்றுப்புள்ளி.
மாக்ஸ்வெல், பாஸ்கல் (750 டிஐ, 900 வரிசை, 1000 வரிசை): 580. 2025 டிசம்பரில் வந்த 590 இவற்றை விட்டுவிட்டது.
டூரிங்கும் அதற்கு மேலும் (ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 2060 முதல்): இவற்றுக்கு மட்டுந்தான் ஆகப் புதியது.

தளத்திலிருந்து இறக்கும் அந்த நிறுவிக் கோப்பைத் தொடவே வேண்டாம். மின்ட்டின் பொதிகளுக்குத் தெரியாமல் அது தன் கோப்புகளை மேலே எழுதிவிடும். அடுத்த அப்டேட்டில் இரண்டு பதிப்பு ஒன்றோடொன்று மோதித் திரை கறுக்கும். கழற்றுவதும் சிரமம். மின்ட்டின் டிரைவர் மேனேஜர் வழியாகவே போங்கள்.

ஏஎம்டிக்கு இறக்க எதுவும் இல்லை. டிரைவர் கேர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது, படம் வரையும் மேசா நூலகம் மின்ட்டோடு வருகிறது. ஆனால் உங்கள் ஆர்7 240க்கு ஒரு சிக்கல் உண்டு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் ஒவ்வொரு கணினியிலும் மின்ட் பென்டிரைவைப் போட்டு, நிறுவாமல் லைவாகத் திறந்து, டெர்மினலில், பொருத்திய கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். விஜிஏ என்று தொடங்கும் வரியையும், அதற்குக் கீழே எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்ற வரியையும் இங்கே போடுங்கள். பெட்டியிலும் ஸ்டிக்கரிலும் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாவிக்கரை | மே 4, இரவு 10.51

ஜிடி 730 ஒரே பெயரில் இரண்டு விதமாக வந்தது. 128 பிட் டிடிஆர்3 நினைவகம் உள்ளது ஜிஎஃப்108, அதாவது ஃபெர்மி. 64 பிட் உள்ளவை ஜிகே208, கெப்ளர். முதலாவதுக்கு 470 ஏறாது.

பாண்டிருப்பான் | மே 5, மாலை 6.20

பாத்தன் அண்ணன். 710 ரெண்டும் 730யும் ஜிகே208. 240 ஓலண்ட் எண்டு வருது. ஆர்எக்ஸ் 580க்கு எல்ஸ்மியர் எண்டு போட்டு, 470, 480, 570, 580, 590 எண்டு எல்லாப் பேரையும் ஒரே வரியில காட்டுது, அது பிழையா? பெரிய பிரச்சின 1050 டிஐதான். விண்டோஸில 1050 டிஐ 4 ஜிபி எண்டுதான் காட்டினது. இங்க டிமெசேஜில (கேர்னல் எழுதுற குறிப்பு) நூவோ (லினக்ஸோட வாற திறந்த என்விடியா டிரைவர்) வரியில "என்விடியா ஜிஎஃப்116" எண்டு நிக்குது.

வாவிக்கரை | மே 5, மாலை 7.05

எல்ஸ்மியர் வரி பிழையில்லை. அந்த வரிசைக் கார்டுகள் எல்லாம் ஒரே சாதன எண்ணைப் பகிர்கின்றன, பக்கத்தில் வரும் ரிவிஷன் எண்தான் பிரிக்கும். போலாரிஸ் 20 எக்ஸ்எல், 580 2048எஸ்பி என்று தனியாக வந்திருந்தால் அது சீனச் சந்தைக்குப் போன வெட்டிய பதிப்பு. முழு 580இல் 2304 ஷேடர் அலகு, அதில் 2048.

1050 டிஐ போலி. அசல் 1050 டிஐயின் சிப் ஜிபி107. ஜிஎஃப்116 என்பது ஜிடிஎஸ் 450, 550 டிஐ காலத்து ஃபெர்மி. கார்டின் பயோஸைத் திருத்திப் பெயரையும் நினைவக அளவையும் மாற்றியிருப்பார்கள். விண்டோஸ் அந்தப் பெயரைத்தான் படிக்கும். நூவோ தொடங்கும்போது சிப்பின் உள்ளே உள்ள அடையாளப் பதிவேட்டை நேரே வாசிக்கிறது. அதைப் பயோஸால் மாற்ற முடியாது. அதனால்தான் பழைய கார்ட் வாங்கப் போகிறவர்களிடம் மின்ட் பென்டிரைவோடு போங்கள் என்கிறேன். சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

கண்ணாலும் பிடிக்கலாம். பாஸ்கலில் அனலாக் வெளியீடே கிடையாது. 1050 டிஐ என்று சொல்லும் கார்டின் பின்பக்கத்தில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பில் இருந்தால் டிமெசேஜ் வரியைப் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கார்டைச் சரிசெய்ய முயல வேண்டாம். 4 ஜிபி என்று நம்பி ஒரு மென்பொருள் அதில் தரவை எழுதப் போனால் இல்லாத நினைவகத்தில் எழுதிக் கணினி உறையும்.

பாண்டிருப்பான் | மே 5, மாலை 7.11

நீலத் துளை இருக்கு அண்ணன்.

வாவிக்கரை | மே 6, காலை 8.30

ஜிடி 710 பற்றி. 470 கிளை உபுண்டு 24.04 களஞ்சியத்தில் இருக்கிறது, மின்ட் 22 அதன் மேல்தான் நிற்கிறது. போடலாம். ஆனால் அந்த டிரைவருக்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. புதிய கேர்னல் ஒவ்வொன்றும் வரும்போது அதோடு சேர்ந்து கட்டப்படுமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். கட்டாயம் 470தான் என்றால் 24.04 வெளியானபோது வந்த 6.8 கேர்னலிலேயே நில்லுங்கள்.

என் யோசனை வேறு. அந்த இரண்டு 710ஐயும் 730ஐயும் கழற்றி அலமாரியில் வையுங்கள். நாலாம் தலைமுறை ஐ5க்குள்ளேயே இன்டெல் எச்டி 4600 இருக்கிறது. டியூஷன் வகுப்பு வேலைக்கு, அதாவது பிரவுசர், லிப்ரே ஆபிஸ், யூடியூப் பாடம் இவற்றுக்கு அது போதும். ஐ915 டிரைவர் கேர்னலிலேயே இருப்பதால் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. கார்டின் விசிறிச் சத்தமும் இல்லை, ஒரு இருபது வாட்டும் மிச்சம். செய்ய வேண்டியது இரண்டு. பயோஸில் முதன்மைத் திரை என்ற இடத்தை ஐஜிஎஃப்எக்ஸ் (உள்கிராபிக்ஸ்) அல்லது ஆட்டோ ஆக்குங்கள். ராமை ஒரே 8 ஜிபியாக வைக்காமல் 4 ஜிபி இரண்டாகப் பிரித்துச் சொருகுங்கள், உள்கிராபிக்ஸ் ராமிலிருந்துதான் இடம் எடுக்கிறது, இரட்டைச் சேனலில் வேகம் நன்றாகத் தெரியும்.

மூன்று திரை தேவை, கார்ட் இருந்தே ஆக வேண்டும் என்றால் நூவோவோடு விடுங்கள். கெப்ளரில் ஒரு வசதி. கார்ட் தொடக்க வேகத்திலேயே தூங்கிக் கிடக்கும், அதை எழுப்பலாம். கேர்னல் தன் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டிபக் எஃப்எஸ்ஸில் டிஆர்ஐ 0க்குள் பிஸ்டேட் என்ற கோப்பைத் திறந்தால் 07, 0எஃப் என்று வேகப் படிகள் வரிசையாக நிற்கும். ரூட்டாக 0எஃப் என்று அதில் எழுதினால் முழு வேகம். ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் மறுபடி எழுத வேண்டும். 900, 1000 வரிசைகளில் இது நடக்காது. என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அந்தச் சிப்கள் வேகம் மாற்ற விடாது.

புன்னைக்குடா | மே 7, இரவு 11.02

சலாம். நம்மட்ட அசல் 1050 டிஐ இரிக்கி, ஜிபி107 எண்டுதான் வருது. ஒரு வீடியோவப் பாத்து 580-ஓபன் பொதியப் போட்டன். திறந்தா 1024க்கு 768, கார்ட் நிலையக் காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கார்டே இல்லையாம். மறுகா என்ன செய்யிற?

வாவிக்கரை | மே 7, இரவு 11.25

நானா, ஓபன் என்ற சொல் முடிவில் வரும் பொதிகள் டூரிங்குக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும். 2022இல் என்விடியா திறந்துவிட்ட கேர்னல் மொடியூல் (கேர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) அது. அது வேலை செய்ய கார்டுக்குள்ளேயே ஜிஎஸ்பி என்ற தனிச் சின்னச் செயலி இருக்க வேண்டும். பாஸ்கலில் அது இல்லை. டிமெசேஜில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரியைத் தேடிப் பாருங்கள், ஜிஎஸ்பி இல்லாததால் இந்தக் கார்டுக்கு ஆதரவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

செய்ய வேண்டியது: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் திரைக்குப் போங்கள். ஆப்ட் பர்ஜ் கொடுத்து என்விடியா என்று தொடங்கும் எல்லாப் பொதிகளையும் நீக்குங்கள். ஆட்டோரிமூவ் ஓட்டுங்கள். ரீபூட். நூவோவில் திரை சரியாக வரும். அதன் பிறகு டிரைவர் மேனேஜரில் ஓபன் இல்லாத வெறும் 580 டிரைவர். இறக்குவது சில நூறு எம்பி, டேட்டா கார்டில் இருந்தால் இரவு டேட்டாவுக்கு வையுங்கள். பாதியில் அறுந்தால் ஆப்ட் மறுபடி தொடரும், பயமில்லை.

தலைகீழும் உண்டு: ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓபன் மட்டும்தான் ஓடும், மூடிய மொடியூல் அதை ஏற்காது.

புன்னைக்குடா | மே 8, காலை 7.48

போட்ட. இப்ப ரெசொலூஷன் அப்படியே 1024. என்விடியா-எஸ்எம்ஐ அதே பாட்டுத்தான் படிக்குது, டிரைவரோட பேச ஏலாதாம்.

வாவிக்கரை | மே 8, காலை 8.10

செக்யூர் பூட் (நம்பிய கையொப்பம் இல்லாததை ஏற விடாத காவல்) இயங்கிக்கொண்டிருக்கிறது. மொடியூல் கட்டப்பட்டிருக்கும், கேர்னல் கையொப்பத்தை ஏற்காமல் தள்ளியிருக்கும். மொட்ப்ரோப் என்விடியா என்று கொடுத்துப் பாருங்கள், சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும்.

நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், கொடுத்திருப்பீர்கள். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி நிற்கும். ஒரு விசையும் தட்டாவிட்டால் தன்பாட்டில் போய்விடும். அதைத்தான் தவற விட்டிருக்கிறீர்கள். சாவியை மறுபடி பதியச் சொல்ல மொக்யூட்டில் கட்டளையில் இம்போர்ட் கொடுத்து, வார்/லிப்/ஷிம்-சைன்ட்/எம்ஓகே கோப்புறையில் இருக்கும் டிஇஆர் கோப்பைக் காட்டுங்கள். கடவுச்சொல் கொடுங்கள். ரீபூட் செய்து நீலத் திரை வந்த உடனே ஏதாவது விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், அதே கடவுச்சொல். அந்தத் திரை ஆங்கில யுஎஸ் விசைப்பலகையை மட்டும் அறியும், ஆகையால் கடவுச்சொல்லை எண்ணாக வைப்பது நல்லது. பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்துவது குறுக்கு வழி, அதுவும் வேலை செய்யும்.

புன்னைக்குடா | மே 8, காலை 9.30

வந்துட்டு! 1366 வந்துட்டு. அல்ஹம்துலில்லாஹ்.

வாவிக்கரை | மே 9, பகல் 1.15

1024க்கு 768 என்றவுடன் எல்லாரும் டிரைவரைக் குற்றம் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் பாதி மொனிட்டர் இன்னும் விஜிஏ. 1000 வரிசை என்விடியாவிலும் ஆர்எக்ஸ் 500 வரிசையிலும் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ மாற்றி போட்டே இணைக்கிறோம். மலிவு மாற்றிகளில் சில மொனிட்டரின் அடையாளத் தகவலை கார்டுக்குக் கடத்தாது. கார்டுக்கு மொனிட்டர் என்னவென்று தெரியாததால் பாதுகாப்பான 1024இல் நிற்கும். டிரைவரைக் கழற்றிப் பூட்டும் முன் மாற்றியை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள், அல்லது டிவி ஒன்றில் நேரே எச்டிஎம்ஐ கொடுத்துப் பாருங்கள்.

மாற்றி வாங்க வழியில்லை, கார்ட் ஏஎம்டி அல்லது இன்டெல் என்றால் கேர்னல் வரியில் வீடியோ= என்று போட்டு, இணைப்பின் பெயர், 1366x768@60 என்று சேர்க்கலாம். நூவோவுக்கும் இது பிடிக்கும். என்விடியாவின் சொந்த டிரைவர் இந்த வரியைக் கண்டுகொள்ளாது.

பாண்டிருப்பான் | மே 12, இரவு 8.44

பணம் திருப்பித் தந்திட்டாங்க அண்ணன், டிமெசேஜ் படத்தக் காட்டினதும் பேச்சே இல்ல. இப்ப ஆர்எக்ஸ் 580தான் பிரச்சின. வீடியோ ரெண்டர் போட்டா 650 விஏ யூபிஎஸ் கூவுது, சில நேரம் கட்டாகுது. கரண்ட் போகாமலே கட்டாகுது. ரூம் சூளை மாதிரி இருக்கு. கார்ட் 84 டிகிரி. ஓவர்க்ளொக் செய்யிற டூல் எது நல்லம் எண்டும் சொல்லுங்க.

வாவிக்கரை | மே 12, இரவு 10.20

ஓவர்க்ளொக்கை மறந்துவிடுங்கள். அதே கருவியை வைத்து எதிர்த் திசையில் போக வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறை 34 டிகிரிக்குக் குறையாது. அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்.

யூபிஎஸ் கணக்கை முதலில் பார்ப்போம். 650 விஏ என்று எழுதியிருந்தாலும் தாங்குவது 360 வாட் அளவு, பின்பக்க லேபிளில் வாட் தனியாக இருக்கும். ஆர்எக்ஸ் 580 கார்ட் முழுதாக 185 வாட். ஐ5 84 வாட். போர்ட், டிஸ்க், விசிறிகள் எல்லாம் 40 வாட். கூட்டினால் 309. பவர் சப்ளை 82 வீதத் திறனில் ஓடினால் சுவரிலிருந்து 377 வாட் இழுக்கும். மொனிட்டர் 25. மொத்தம் 402. வெட்டாமல் என்ன செய்யும்? சாதாரண வேலையில் இவ்வளவு போகாது, ரெண்டரில் செயலியும் கார்டும் ஒன்றாக ஏறும்போதுதான் போகும். உங்களுக்கு வெட்டுவதும் அப்போதுதான்.

கருவி: லாக்ட். ஏஎம்டி, என்விடியா, இன்டெல் மூன்றுக்கும் ஒரே இடைமுகம், புதிய திரை முறையான வேய்லாண்டிலும் ஓடும். கோர்கன்ட்ரோலும் நல்லதுதான், ஆனால் பயனர் உள்நுழைந்த பிறகுதான் தன் அமைப்பைக் கார்டுக்கு ஏற்றும். லாக்ட் பின்னணிச் சேவையாக ஓடுவதால் கணினி திறந்தவுடனே அமைப்பை ஏற்றிவிடும். ஸ்டூடியோவில் பல பேர் உட்காரும் கணினிக்கு இதுதான் வசதி.

டெப் கோப்பை அதன் திட்டப் பக்கத்தில் எடுத்து நிறுவுங்கள், லாக்ட்-டி சேவையை சிஸ்டம்சிடிஎல் எனேபிள் -நவ் கொடுத்துத் தொடங்குங்கள். ஓவர்க்ளொக் பக்கத்தில் எனேபிள் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஏஎம்டிஜிபியு மொடியூலின் பிபிஃபீச்சர்மாஸ்க் அளவுருவை மாற்றி எழுதும். ரீபூட் செய்தபின்தான் வோல்டேஜ் கட்டங்கள் திறக்கும். இதைச் செய்யாமல் கட்டத்தைத் தேடிப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வாட் வரம்பும் விசிறியும் இது இல்லாமலேயே மாறும்.

இனி வரிசை முக்கியம்.

முதலில் வாட் வரம்பு. உங்கள் கார்டில் இயல்பு 145 என்று காட்டக்கூடும். அதை 100க்கு இறக்குங்கள். சுவரில் ஐம்பத்தைந்து வாட் அளவு குறையும். மேலே போட்ட 402 இப்போது 347, யூபிஎஸ் தாங்கும்.

பிறகு வோல்டேஜ். ஆக மேல் படி பெரும்பாலும் 1340 மெகாஹெர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட். வேகத்தைத் தொடாமல் வோல்டைப் படிக்கு 25 மில்லிவோல்ட் வீதம் இறக்குங்கள்: 1125, 1100, 1075. ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் உண்மையான ரெண்டர் ஒன்றை ஓட்டுங்கள். ஹெவன் போன்ற பெஞ்ச்மார்க்கில் தாக்குப்பிடிப்பது ரெண்டரில் விழலாம். விழுந்தால் டிமெசேஜில் ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட் என்று வரும். அங்கிருந்து 25 மேலே ஏறி நில்லுங்கள். சரியென்று தெரியும் வரைக்கும் கணினி திறக்கும்போதே அமைப்பை ஏற்றுவதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போதே உறையும் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

போலாரிஸில் (580இன் சிப் தலைமுறை) ஒரு வில்லங்கம். நினைவகத்தின் வேகப் படிக்கும் ஒரு வோல்டேஜ் எண் இருக்கும். அது நினைவகத்துக்குப் போகும் வோல்ட் இல்லை, கோர் அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற தரைமட்டம். கோரை 1075க்கு இறக்கியும் அளவு அசையவில்லை என்றால் அந்த எண் மேலே நிற்கிறது. அதையும் இறக்குங்கள்.

கடைசியாக விசிறி. இந்தக் கார்டுகளில் பல 50, 60 டிகிரி வரை விசிறியை நிறுத்தியே வைக்கும். குளிர் நாட்டு அறைக்குச் சரி. இங்கே சும்மா இருக்கும்போதே அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டு விசிறி நின்று நின்று ஓடும், பேரிங் தேயும். வளைவைக் கையால் போடுங்கள்: 40 டிகிரியில் 25 வீதம், 60இல் 40, 70இல் 60, 78இல் 85. தொடர்ந்து மெதுவாக ஓடும் விசிறிதான் அதிக காலம் வரும்.

வாவிக்கரை | மே 13, காலை 6.55

மைனிங் கார்ட் என்பதால் இதைச் சேர்க்கிறேன். கார்டின் மேல் விளிம்பில் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கிறதா பாருங்கள். சில மொடலில் இரண்டு பயோஸ் இருக்கும். மைனிங் செய்தவர்கள் ஒன்றைத் திருத்தி நினைவகத்தின் நேரக்கட்டங்களை இறுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தில் வைத்து வோல்ட் இறக்கினால் எது காரணம் என்று தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். கணினியை அணைத்து, ஸ்விட்சை மறுபக்கம் தள்ளி, லாக்ட்டின் முதல் பக்கத்தில் பயோஸ் பதிப்பு மாறுகிறதா பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்-வல்கன் என்ற சின்ன நிரலை பத்து நிமிடம் ஓட்டுங்கள். நினைவகத்தில் ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டை வோல்ட் இறக்கித் திருத்த முடியாது.

வாவிக்கரை | மே 13, காலை 7.20

நேற்று எழுதிய 100 வாட் என்பது சிப்பின் கணக்கு மட்டும். போலாரிஸின் உணரி நினைவகத்தையும் மின்சீராக்கிப் பகுதியையும் சேர்க்காது. லாக்ட் 100 காட்டும்போது கார்ட் 140 அளவில் இழுக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். யூபிஎஸ் கணக்கை லாக்ட்டின் எண்ணை வைத்துப் போடாதீர்கள், சுவர் மீட்டர் ஒன்று இரவல் வாங்கினால் நிச்சயம்.

லாக்ட் வேண்டாம், ஸ்கிரிப்ட்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு: வாட் வரம்பு இருக்கும் பவர்1-கேப் கோப்பில் எண் மைக்ரோவாட்டில் போக வேண்டும், 100 வாட்டுக்கு 100000000. கார்ட் 0, கார்ட் 1 என்ற பெயரும் எச்டபிள்யுமொன் (உணரிக் கோப்புறை) இலக்கமும் கேர்னலுக்குக் கேர்னல் மாறும். இலக்கத்தை ஸ்கிரிப்டில் எழுதி வைத்தால் ஒரு அப்டேட்டோடு தவறான இடத்தில் எழுதும்.

பாண்டிருப்பான் | மே 16, இரவு 9.05

ஸ்விட்ச் இருந்திச்சு, தள்ளிட்டன். 1075இல விழுந்து 1100இல நிக்குது. 100 வாட். ரெண்டரில 71 டிகிரி. யூபிஎஸ் வாயத் திறக்கல்ல. ரெண்டர் கொஞ்சம்தான் பிந்துது.

புன்னைக்குடா | மே 17, காலை 10.10

நமக்கும் வாட் குறைக்கணும். கிரீன்வித்என்வி போட்டன், திறக்கிதில்ல.

வாவிக்கரை | மே 17, பகல் 12.40

கிரீன்வித்என்வி எக்ஸ்11 என்ற பழைய திரை முறையை நம்பி எழுதியது, அதை இப்போது யாரும் பராமரிப்பதும் இல்லை. விசிறிக்கும் வேகத்துக்கும் எக்ஸ் அமைப்புக் கோப்பில் கூல்பிட்ஸ் 28 என்று போட வேண்டியிருக்கும் (விசிறிக்கு 4, வேகத்துக்கு 8, வோல்டேஜுக்கு 16). நானா, லாக்ட்டையே போடுங்கள்.

வாட்டுக்கு மட்டும் என்றால் கருவியே தேவையில்லை. என்விடியா-எஸ்எம்ஐ -கியூ -டி பவர் என்று ஓட்டினால் கார்ட் ஏற்கும் குறைந்த, கூடிய வரம்பு இரண்டும் வரும். 1050 டிஐயின் இயல்பு 75 வாட். சூடோவோடு -பிஎம் 1 கொடுத்து, பிறகு -பிஎல் 60. ரீபூட்டில் அழிந்துவிடும், ஆகையால் சிஸ்டம்டி சேவை ஒன்றில் இந்த இரண்டு வரியையும் வையுங்கள். லெப்டொப்பில் -பிஎல் பெரும்பாலும் ஏற்காது, அதன் வரம்பு லெப்டொப்பின் ஃபர்ம்வேர் கையில்.

வாவிக்கரை | மே 20, இரவு 9.50

ஆர்7 240, சொன்னபடி. ஓலண்ட் என்பது ஜிசிஎன் முதல் தலைமுறை. உபுண்டு 24.04க்கு வரும் கேர்னல்களில் இதைப் பழைய ரேடியான் டிரைவர் பிடித்துக்கொள்ளும். படம் வரும், வல்கன் (புதிய நிரல்கள் கேட்கும் கிராபிக்ஸ் இடைமுகம்) வராது. லினக்ஸை ஏற்றித் தரும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் கேர்னல் வரியில் இரண்டு சேர்க்க வேண்டும்: ரேடியான்.எஸ்ஐ_சப்போர்ட்=0, ஏஎம்டிஜிபியு.எஸ்ஐ_சப்போர்ட்=1. பிறகு அப்டேட்-கிரப், ரீபூட், எல்எஸ்பிசிஐயில் டிரைவர் வரி மாறியதா பாருங்கள். ஆர்9 290, ஆர்7 260 போன்ற அடுத்த தலைமுறைக்கு எஸ்ஐ இருக்கும் இடத்தில் சிஐகே. 6.19 கேர்னலிலிருந்து இது தானாகவே நடக்கிறது.

புன்னைக்குடா | மே 24, காலை 8.00

கூட்டாளிர 1060 அடிக்கடி கறுக்கிது. லொக்கில எக்ஸ்ஐடி 79 எண்டு என்விடியாட பிழை எண் வருது. டிரைவர் மாத்தியும் அதே கத.

வாவிக்கரை | மே 24, காலை 8.45

79 என்றால் கார்ட் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்று பொருள். டிரைவரை மாற்றிப் பயனில்லை. மின்சாரம் அல்லது தொடுகை. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று பட்டுச் சொருகின் தங்கக் கால்கள் மங்கிப் போகும். கார்டைக் கழற்றிக் கால்களை விரல் நுனியால் தொடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பளபளப்பு இல்லாமல் பழுப்புத் திட்டு இருந்தால் அதுதான். 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்ககோலைப் பஞ்சு இல்லாத துணியில் தொட்டு நீளவாக்கில் துடையுங்கள். காய்ந்தபின் சொருகுங்கள். ஆறு பின் இணைப்பை மோலெக்ஸ் மாற்றி வழியாகக் கொடுத்திருந்தால் அதைத் தூக்கிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் வயரைக் கொடுங்கள்.

31, 13 என்று வந்தால் நிரல் ஒன்றின் பிழையாகவும் இருக்கலாம், அப்போது வேறு நிரலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். 79க்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை.

பாண்டிருப்பான் | மே 26, இரவு 10.15

அண்ணன், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் போடலாமா இந்த ஆர்எக்ஸ் 580இல?

வாவிக்கரை | மே 26, இரவு 10.40

வேண்டாம். இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. கமராவில் வருவது எல்லாமே அதுதான். ஒவ்வொரு கல்யாணத்தையும் எஃப்எஃப்எம்பெக்கில் டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற பெரிய எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றி ஏற்ற வேண்டும், டிஸ்க் பல மடங்கு போகும். போலாரிஸுக்கு அது கேட்கும் ஓபன்சிஎல்லை (கார்டில் கணக்குச் செய்விக்கும் இடைமுகம்) ஒழுங்காகக் கொடுப்பதும் பெரிய பாடு. கேடென்லைவ் போடுங்கள். ஏற்றுமதியில் விஏஏபிஐ தெரிவு செய்தால் 580இன் என்கோடர் வேலை செய்யும். மின்ட், உபுண்டுவில் இதற்குத் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. ஃபெடோரா என்றால் ஆர்பிஎம் ஃப்யூஷனிலிருந்து மேசாவின் மாற்றுப் பொதியை எடுக்க வேண்டும்.

பாண்டிருப்பான் | மே 29, இரவு 8.30

கடைசிக் கேள்வி. எல்லாம் சரியா ஓடுது. அப்டேட்ட நிப்பாட்டி வைக்கவா?

வாவிக்கரை | மே 29, இரவு 9.00

இன்டெல்லிலும் ஏஎம்டியிலும் ஓடும் கணினிகளில் நிறுத்தவே வேண்டாம், பாதுகாப்புத் திருத்தம் வரட்டும். புன்னைக்குடா நானாவைப் போல என்விடியா 580 டிரைவரில் இருப்பவர்கள் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பொதி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள், எச்டபிள்யுஇ (உபுண்டு இடையில் தரும் புதிய) கேர்னல் என்றால் அதற்குரிய ஹெடர்ஸ். அது இல்லாமல் கேர்னல் ஏறினால், புதிய கேர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டும் டிகேஎம்எஸ்ஸுக்கு மொடியூல் கட்ட வழியில்லை, அடுத்த நாள் காலையில் 1024க்கு 768 வந்து நிற்கும். அப்படி ஆனால் திறக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பிடித்து கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் என்ற இடத்துக்குப் போய் முந்தைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள், வேலை ஓடும். ஆறுதலாக ஹெடர்ஸை நிறுவி டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள். வைஃபை இல்லாமல் மாட்டினால் போனை யூஎஸ்பி வயரில் கொடுத்து டெதரிங் திறந்தால் நெட் வந்துவிடும்.